மாடி ஓட்டையில் இருந்த வேட்டி

நகமெல்லாம் கறுத்துப்போன கையால் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்த அப்பாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது. கோபம் என்னுடையது.

கல்கத்தா பவானிபூரில் நாம் இருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள் அப்பா. சிவகங்கையிலிருந்து வந்து இறங்கியபோது எனக்கு ஆறு வயசு. மூட்டையை அவிழ்க்கும் முன்னே மழை பிடித்துக்கொண்டது. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கினால் அதற்கு நேர்கீழே இருக்கும் நம் அறைதான் முதலில் ஊறும். அன்றைக்கே மேலே ஏறி, தண்ணீர் இறங்கும் ஓட்டையில் கையை விட்டீர்கள். கீழ்வீட்டு அம்மா நமக்குச் சுடச்சுடக் கிச்சடி கொடுத்து அனுப்பினாள்.

அதிலிருந்து அந்த ஓட்டை உங்கள் பொறுப்பு. இலை வரும், மீன்முள் வரும், செத்த எலி வரும். ஒருமுறை வீட்டுக்காரத் தாத்தாவின் பல்செட் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? காக்கா தூக்கிப் போட்டிருக்கிறது. கழுவிக் கொடுத்தீர்கள். சாயங்காலமே அதை மாட்டிக்கொண்டு வந்து சிரித்தார் மனுஷர். அம்மா அன்றைக்குச் சோறே தின்னவில்லை. சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

போன வாரம், இப்போது நான் இருக்கும் பெஹாலாவிலிருந்து மகளோடு அங்கே போனேன். நம் அறையில் தம்பி முருகேசன்தான் இருக்கிறான். கைநாட்டு வைக்கக் கூப்பிட்டிருந்தான். நீங்கள் செத்த பிறகும் அறை உங்கள் பேரிலேயே இருப்பதால் நாங்கள் இருவரும் சம்மதிக்க வேண்டுமாம். சம்மதித்தால் புதுக் கட்டடத்தில் அவனுக்கு ஒரு ஃபிளாட். மழையில் வீடு தானாகவே இற்றுப்போய்விட்டது, இனி யாரும் குடியிருக்க முடியாது என்று காகிதத்தில் இருந்ததை மகள் வாசித்தாள். சுவரைத் தொட்டேன். காரை கையோடு வந்தது.

மாடிக்கு ஏறினேன். கணுக்கால் அளவு தண்ணீர். ஓட்டையில் கையை விட்டால் துணி. இழுக்க இழுக்க வருகிறது. பச்சைக்கரை வேட்டி. உங்களுடையது.

செத்த எலிக்கு முகம் சுளிக்காதவள் நான். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதைப் பிழிந்தேன்.

கொண்டுபோய் அவன் முன்னால் போட்டேன். மறைக்கக்கூட இல்லை அப்பா.

"எப்படியும் இடிக்கப்போற வீடுதானேக்கா. கொஞ்சம் சீக்கிரமா ஊறட்டும்னுதான். கைக்கு வேற பழந்துணி ஆப்புடல."

"கீழே பௌதி பிள்ளைகளோட இருக்காடா. காலி பண்ண மாட்டேன்னு அழுவுறா."

"அவளுக்கு இது சொந்த ஊரு, எங்கயாச்சும் போவா. நமக்கு எங்க இருக்கு?"

பௌதி யார்? அவர்கள் பாஷையில் அண்ணி என்று நாங்கள் கூப்பிடும், நமக்குக் கிச்சடி கொடுத்தவளின் மருமகள். இவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான்தானே, எங்கே கோட்டைவிட்டேன்?

வேட்டியைத் துவைத்துப் பார்த்தேன். வாடை போகவில்லை.

வீடு போகட்டும் அப்பா. இடிக்கிறவன் இடித்தான் என்று இருக்கட்டும். தானாக விழுந்தது என்று என் கட்டைவிரல் சொல்லாது. மழை விடுகிற வரைக்கும் பஸ் ஏறிப் போய் அந்த ஓட்டையில் நான் கையை விடுவேன்.

நகம் கறுக்கத் தொடங்கிவிட்ட
உங்கள் மூத்த மகள்