டோரன் முனை விளக்கு மங்கிய விடியல்

அக்டோபர் 9, 1893

மழை இல்லை. நாளை விசாரணைக் குழு கூடுகிறது. மூன்று பேரில் நானும் ஒருவன். ஏன் என்னைப் போட்டார்கள் என்று இன்னும் விளங்கவில்லை. ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியாருக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? கூட்டத்தில் உளறிவிடுவேனோ என்ற பயத்தில், எழுத வேண்டியவற்றை முதலில் எண்ணிட்டு வைத்துக்கொள்கிறேன்.

1. அன்று விடியலில் நடந்தது.
2. எண்ணெயில் குறை இல்லை என்பது.
3. விளக்குக் காவலர் மக்காஸ்கில் எதையோ மறைக்கிறார் என்பது.
4. அவர் காவல் நேரத்தில் தூங்கினார், குற்றம் அவருடையது என்பது.
5. என் வீட்டு முன்னறையில் குடியிருக்கும் மிஸ் லிட்ஜெட்டிடம் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது.

முதலாவது. சென்ற மாதம் இருபத்தெட்டாம் தேதி. இரவு முழுவதும் வடக்கிலிருந்து அனல் காற்று. வானம் துடைத்து வைத்தாற்போல் தெளிவு. பொழுது புலரும் முன் டோரன் முனை விளக்கு மங்கிப் புகைந்து வெறும் சிவப்புப் பொட்டாகிவிட்டது. விளக்கை நம்பி வந்த 'ஜெஸ்ஸி லோ' சரக்குக் கப்பல் பாறைத்திட்டில் ஏறியது. மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். சமையல்காரர் நெட் பாஸ்கோ சேரவில்லை.

இரண்டாவது. அன்றிரவு விளக்குக்கு ஊற்றிய அதே தகரத்து மண்ணெண்ணெயைத் துறைமுக அலுவலகத்தில் எரித்துப் பார்த்தார்கள். குறையில்லாமல் எரிந்தது.

மூன்றும் நான்கும். "முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்" என்று சொல்லும்போது மக்காஸ்கில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வகுப்பில் ஆயுள் முழுதும் நின்றவனுக்கு அந்தப் பார்வை தெரியும். காவலில் தூங்கியது நிரூபணமானால் வேலை போகும். ஓர் உயிர் போயிருப்பதால் மெல்பர்னில் வழக்கு, பிறகு சிறை.

ஐந்தாவதற்கு விளக்கம் தேவையில்லை. விசாரணை ரகசியம்.

அக்டோபர் 10

ஐந்தாவதைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு நாள்கூட.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். இரவு உணவில் ஆட்டிறைச்சி. மிஸ் லிட்ஜெட் என் தட்டைப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் கிட், சாப்பிடவே இல்லையே. அந்த மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பப் போறீங்களா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். பிறகு ஆமாம் என்று ஆட்டினேன். அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

அவரைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். பெயர் வினிஃபிரட் லிட்ஜெட். பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் வாங்கியவர். பயிரைத் தின்னும் புழு பூச்சிகளை ஆராய வந்திருக்கிறார். சர்க்கரைப் பாகில் ரம் கலந்து மரங்களில் பூசி, அதற்கு மயங்கி வரும் விட்டில்களைப் பிடிக்கிறார். ரம் வாங்கப் போகும் பெண் என்று ஊரில் பேச்சு. என் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் திருமதி குவில்டி, "விட்டில் குடிக்குதோ, வேற யாரு குடிக்குறாங்களோ, பாட்டில் மட்டும் காலியாகுது" என்று என் காதுபட முணுமுணுக்கிறாள்.

மிஸ் லிட்ஜெட் கேட்டது ஒரே கேள்வி: "விளக்கு மங்கினப்போ அவருக்கு உடம்பு எப்படி இருந்துச்சு?"

அதை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

அக்டோபர் 12

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காவலர் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால் மக்காஸ்கில் தம்பதி தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் இருக்கிறார்கள். மிஸ் லிட்ஜெட் அங்கே போனார். "சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மக்காஸ்கில் விறகு பிளக்கப் போயிருந்தார். மனைவி எஃபி மட்டும் இருந்தாள். எலும்பும் தோலுமாக, கண்ணில் தூக்கமே இல்லாமல்.

முதலில் வாய் திறக்கவில்லை. மிஸ் லிட்ஜெட் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கூடையிலிருந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான்கைந்து சட்டைகள் மடித்த பிறகு எஃபியே பேசினாள்.

"பொழுது விடியறப்போ மேல போனேம்மா. கீழ விழுந்து கிடந்தாரு. எழுப்பினா எழுந்திருக்கல. படி வழியா இழுத்துக்கிட்டு வந்தேன். வாந்தி எடுத்தாரு. தலை வெடிக்குதுன்னாரு. மூஞ்சி — செக்கச்செவேல்னு இருந்துச்சு."

"குடிச்சிருப்பாருன்னு நினைச்சீங்களா?"

எஃபி அழுதாள். அவர்கள் சபையில் மதுவைத் தொடமாட்டேன் என்று கையெழுத்திட்டவர்கள்தான் இருவரும். "வேற என்ன நினைக்க? மேல போயி எல்லாத்தையும் கழுவித் தேச்சேன். நாத்தம் இருந்தா அதுவும் போகட்டும்னு. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவரும் சொல்லல. தூங்கிட்டோம்னு அவரு வெக்கப்படுறாரு, குடிச்சாருன்னு நான் வெக்கப்படுறேன். ஒரே கொட்டகையில இருக்கோம், பேச்சில்ல."

"நாத்தம் இருந்துச்சா?"

எஃபி அழுகையை நிறுத்தி யோசித்தாள். "இல்ல. புகை நாத்தம்தான்."

திரும்பி வரும் வழியில் மிஸ் லிட்ஜெட் வேகமாக நடந்தார். எனக்கு மூச்சு வாங்கியது. "விளக்கும் மனுஷனும் ஒரே அறையில, ஒரே நேரத்துல மங்கியிருக்காங்க. ரெண்டு பேரும் குடிக்கறது ஒண்ணுதான், மிஸ்டர் கிட். காத்து."

எனக்கோ வேறு கவலை. குழுவில் இருப்பவன் நான். காவலர் மயங்கிக் கிடந்ததை என் காதால் கேட்டுவிட்டேன். மறைப்பது தவறு. சொன்னால் நாளையே மக்காஸ்கில் சிறைக்குப் போவார். என்ன செய்வது?

அக்டோபர் 13

கோபுரத்துக்குப் போனோம். படிகளில் நான் கண்ணை மூடிக்கொண்டே ஏறினேன்.

தற்காலிகக் காவலர் பட்ஜ் பருத்த மனிதர், சிரித்துக்கொண்டே பேசுகிறவர். விளக்கறைச் சுவரில் கீழே வரிசையாகக் காற்றுக் குழாய்கள், உள்பக்கம் பித்தளை மூடிகள். "காத்து அடிக்கிற பக்கத்து மூடியைச் சாத்திடணும். இல்லேன்னா சுடர் ஆடும். மறுபக்கத்தைத் தொறந்து வெச்சுக்கணும். அதுதான் எங்க வழக்கம், மிஸ். விளக்கு பொறந்ததுலேர்ந்து."

"வடக்குக் காத்து அடிச்சா தெற்குப் பக்கம் மட்டும்தான் திறந்திருக்கும்?"

"அதேதான்."

மிஸ் லிட்ஜெட் வெளி மாடத்துக்குப் போய் மண்டியிட்டு, தெற்குக் குழாய்களின் வெளி வாயில் பூச்சி ஊசியால் சுரண்டினார். உள்பக்கத்தை எஃபி தேய்த்துவிட்டாள். வெளிவாயை யாரும் தேய்ப்பதில்லை. அங்கே பளபளக்க வைக்கப் பித்தளை இல்லையே. சுரண்டியதைக் காகிதத்தில் மடித்து வந்து மாலையில் நுண்ணோக்கியில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஓட்டுச் சில்லுகள் போலப் பழுப்புத் துணுக்குகள், ஆயிரக்கணக்கில்.

"விட்டில் சிறகுச் செதில். போகாங் விட்டில். வசந்தத்துல கூட்டம் கூட்டமா மலைக்குப் போகும். வடக்குக் காத்து தள்ளிவிட்டா சில வருஷம் கடற்கரைக்கு வந்துடும். விடியப் போகுதுன்னா இருட்டான பொந்து தேடி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக்கிட்டு ஒண்டிக்கும்."

"அப்படியானால் மறுநாள் யாராவது பார்த்திருப்பார்களே?"

"அதுக்குள்ள யார் பார்த்தா? எல்லாரும் கப்பல்கிட்ட நின்னாங்க. எஃபி உள் மூடியைச் சாத்தி வெச்சுத் தேச்சுட்டாங்க. பொழுது சாஞ்சதும் விட்டில் எல்லாம் பறந்து போயிருக்கும். குற்றவாளி தன் காலாலேயே நடந்து போயிட்டான், மிஸ்டர் கிட்."

அற்புதம் என்று தோன்றியது. பிறகு, ஒரு சிட்டிகைத் தூசியைக் கேப்டன் டிரெகென்சா நம்புவாரா என்று தோன்றியது. மாட்டார்.

அக்டோபர் 17

கூட்டம். துறைமுக அதிகாரி கேப்டன் டிரெகென்சாதான் தலைவர். மூன்றாமவர் கோதுமை வியாபாரி. தலைவர் தலையாட்டினால் இவரும் ஆட்டுவார். எஃபி சொன்னதை விட்டுவிட்டு, விட்டில் விஷயத்தை மட்டும் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியதாயிற்று.

கேப்டன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "வாத்தியாரே, முப்பது வருஷமா கடல்ல இருக்கேன். புயல் கப்பலைக் கவுத்துப் பார்த்திருக்கேன், பாறை கவுத்துப் பார்த்திருக்கேன். பூச்சி கவுத்து இப்பதான் கேக்குறேன். செத்துப்போன பாஸ்கோவோட தங்கச்சி என் அலுவலக வாசல்ல வந்து நிக்குறா. அவகிட்டப் போய் இதைச் சொல்லுவீங்களா?"

சொல்லமாட்டேன். அவர் கேட்டது நியாயம்தான்.

குற்றம் காவலருடையது என்ற அறிக்கையில் வெள்ளிக்கிழமை கையெழுத்து. மூவரும் போட வேண்டும். ஒருவர் வராவிட்டால் தள்ளிப்போகும்.

அக்டோபர் 19

தெற்குக் காற்று. குளிர். வடக்குக் காற்று வந்தால்தான் கேப்டனின் கண்ணுக்கே காட்ட முடியும் என்கிறார் மிஸ் லிட்ஜெட். வானத்தைப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது.

அக்டோபர் 20, வெள்ளி

காய்ச்சல் என்று படுத்துவிட்டேன்.

காய்ச்சல் இல்லை. என் வாழ்வில் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது என்று நினைக்கிறேன். ஆனால் திருமதி குவில்டி கொடுத்த விளக்கெண்ணெய் பொய்யில்லை. "நாக்கை நீட்டுங்க ஐயா. ம்... நல்ல நாக்காத்தான் இருக்கு. இருந்தாலும் குடிங்க. காய்ச்சல் இருந்தா போகும், இல்லேன்னா இனிமே வராது."

மாலையில் கேப்டனே வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். "செவ்வாய்க்கிழமைக்கும் எழுந்திருக்கலேன்னா கட்டிலோட தூக்கிட்டுப் போயி கையெழுத்து வாங்குவேன், வாத்தியாரே." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் செய்வார்.

அக்டோபர் 22

தேவாலயத்துக்குப் போக முடியவில்லை. நோயாளி ஆயிற்றே. மக்காஸ்கில் ஒருவர் மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எஃபி வரவில்லை.

காற்று இன்னும் தெற்குதான்.

அக்டோபர் 23

மத்தியானம் காற்று நின்றது. மூன்று மணிக்குத் தூசி வாசனை. ஜன்னல் திரை உள்நோக்கிப் புடைத்தது. என் அறை ஜன்னல் வடக்குப் பார்த்தது!

மிஸ் லிட்ஜெட் படியிறங்கி ஓடினார். கோபுரத்துக்குப் போய், "வழக்கப்படி எல்லாம் செய்யுங்க. தலை கனத்தா மட்டும் ஒரு நிமிஷம்கூட நிக்காம வெளி மாடத்துக்குப் போயிடுங்க" என்று பட்ஜிடம் சொல்லிவிட்டு வந்தார். பட்ஜ் சிரித்தாராம். காற்று வந்தால் போதுமா? விட்டில் வர வேண்டாமா? படகுகளுக்கு ஆபத்தில்லையா? அதற்கும் மிஸ் லிட்ஜெட் யோசித்திருந்தார். இன்று எந்தக் கப்பலும் வரவில்லை. மீன் படகுகளிடம் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டார்.

மிச்சம் என் பங்கு. சட்டை மாட்டிக்கொண்டு கேப்டன் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டுமுன் இரண்டு முறை திரும்பிவிட்டேன். "நாளைக்கு விடியற்காலையில் நீங்கள் கோபுரத்துக்கு வர வேண்டும். வந்து பார்த்த பிறகு எதில் கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்" என்றேன்.

"காய்ச்சல் விட்டுடுச்சா?"

"காய்ச்சல் இல்லை, கேப்டன். இருந்ததே இல்லை."

"வரேன்" என்றார்.

அக்டோபர் 24

நிதானமாக எழுத வேண்டும்.

கேப்டனும் மிஸ் லிட்ஜெட்டும் நானும் வண்டியில் போகும்போது கிழக்கு வெளுத்திருந்தது. சாலையிலிருந்தே தெரிந்தது: விளக்கு சிவந்து புகைந்துகொண்டிருந்தது. மேலே வெளி மாடத்தில் பட்ஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு இல்லை. "தலை பிளக்குது கேப்டன். காலு துணி மாதிரி ஆயிடுச்சு. இந்தம்மா சொல்லலேன்னா நான் உள்ளேயே உக்காந்திருப்பேன்."

மிஸ் லிட்ஜெட் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் வடக்கு மூடிகளைத் திறந்தார். நாங்கள் வெளியில் நின்றோம். மெல்ல மெல்லச் சுடர் எழுந்து வெளுத்தது. அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

பிறகு தெற்குக் குழாய்கள். கேப்டனே மண்டியிட்டு வெளிவாய்க்குள் பார்த்தார். ஓடு வேய்ந்த கூரைபோல, தலைகள் உள்ளே, சிறகுகள் மேலே, ஒன்றன்மேல் ஒன்றாக விட்டில்கள். ஈர்க்குச்சி நுழைய இடமில்லை. விரலை விட்டார். விரல் பழுப்பு மாவு படிந்து வந்தது. அடுத்த குழாயும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மிஸ் லிட்ஜெட் சொன்னார்: "சுடருக்குக் காத்து இல்லேன்னா அரைகுறையா எரியும். அரைகுறையா எரிஞ்சா கரி நச்சு வாயு வரும். வாசனை கிடையாது. ஆளைத் தூக்கத்துல தள்ளிடும், மூஞ்சியைச் சிவக்க வைக்கும். மக்காஸ்கில் தூங்கல, கேப்டன். விழுந்துட்டாரு. எஃபி இழுத்துட்டு வரலேன்னா பாஸ்கோவோட சேர்த்து ரெண்டு சாவு."

கேப்டன் விரலைக் கால்சட்டையில் துடைத்தார். "இதை வழக்கமாக்குனது நாங்கதான்" என்றார். "காத்து அடிக்கிற பக்கம் சாத்துன்னு."

பிறகு என்னிடம்: "வாத்தியாரே, பாஸ்கோ தங்கச்சிகிட்ட நானே சொல்றேன். கூட வாங்க."

போனேன்.

அக்டோபர் 25

மிஸ் லிட்ஜெட்டும் நானும் கொட்டகைக்குப் போனோம். மக்காஸ்கில் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு எஃபியைப் பார்த்து, "நான் தூங்கிட்டேன்னே நினைச்சேன்டி" என்றார்.

"நான் குடிச்சிட்டீங்கன்னு நினைச்சேன்."

"குடிச்சேன்னா?" அவர் வாய் பிளந்தது. "நானா? எதைக் குடிக்க? இந்த ஊர்ல இருக்கற ரம்மு பூரா அந்தம்மா விட்டிலுக்குல்ல ஊத்துறாங்க?"

எஃபி சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஏப்ரனில் முகத்தை மூடிக்கொண்டாள். நாங்கள் இருவரும் வெளியே வந்துவிட்டோம்.

அக்டோபர் 31

குழு அறிக்கையில் கையெழுத்திட்டேன். குழாய் வாய்களுக்குக் கம்பிவலை, வழக்கம் மாற்றம், காவலர் மேல் குற்றமில்லை. அறிக்கையில் மிஸ் லிட்ஜெட்டின் பெயரைப் பட்டத்தோடு எழுத வேண்டும் என்றேன். முதல் முறையே எல்லோருக்கும் கேட்டது.

நவம்பர் 2

மக்காஸ்கில் தம்பதி குடியிருப்புக்குத் திரும்பினார்கள். கம்பிவலையை அவரே வெட்டிப் பொருத்துகிறார். அந்திக்கு விளக்கு ஏறியது. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளை நட்சத்திரம்.

இந்தக் குறிப்பின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று நிற்கின்றன. ஐந்தாவதை நான் கடைப்பிடிக்கவில்லை. அது வேறு கணக்கு. நான்காவதுதான் உறுத்துகிறது. கண் மூடிக் கிடந்தார் என்பதாவது சரிதானே? மாணவன் எழுதியிருந்தால் பாதி மதிப்பெண் போட்டிருப்பேன். பேனாவை எடுத்தும் விட்டேன்.

இல்லை. பாதி கிடையாது. நான்காவது தவறு.