டிக்கியில் எரிந்த சிவப்பு விளக்கு

கார் கிளம்பவில்லை. கண் ஆபரேஷனுக்காக அன்புச்செல்வியின் அம்மா காரமடையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தாள். டிக்கியைத் திறந்து பார்த்தால், கணவன் கௌதமன் நேற்றுத் தன் கையாலேயே மாட்டிய ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அவன் மில்லில் ஷிஃப்ட் முடிந்து வர இன்னும் நேரமிருந்தது. வாடகைக் காரைக் கூப்பிட்டுவிட்டு, அது வருவதற்குள் ஒரு சீட்டெழுதி ஹாட்பாக்ஸ் மூடியில் ஒட்டினாள். அத்தனை ஆத்திரத்திலும் ‘ங்க’ மட்டும் குறையவில்லை.

“ஏனுங்க, ஸ்டீரியோவ நிறுத்துனா ஆம்ப்ளிஃபயரும் நிக்கோணும். அதுக்குன்னு ஸ்டீரியோவில இருந்து வர்ற ஒயரோட சேக்காம, பேட்டரியிலயே நேராக் குடுத்துப்போட்டீங்க. பேட்டரி செத்துக் கெடக்குது. மாட்டறவங்ககிட்ட உடுங்கன்னு நான் சொன்னதுக்கு, ‘பொம்பளைக்கு ஒயரப் பத்தி என்ன தெரியும்’னு கேட்டீங்க. பத்து வருசமா மோட்டார் காயில் சுத்திச் சம்பாரிக்கறது யாருங்க?

இட்லி இதுக்குள்ள இருக்குது. சட்னி அரைக்கலீங்க. கார் சாவி ஃபிரிட்ஜ் மேல இருக்குது, வெச்சு அழகு பாருங்க. உங்கம்மாவுக்கு ஆபரேஷன்னா இப்பிடிச் செஞ்சிருப்பீங்களா?

போன் பண்ண வேண்டாமுங்க.”

வாசலில் ஹாரன் கேட்டது. சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

“ஆம்ப்ளிஃபயர் ஃபியூஸக் கழட்டியாச்சு. எங்கம்மா முந்தானையில முடிஞ்சு உடப்போறேன். வேணும்னா பஸ்ஸேறி வந்து கேளுங்க. கட்டுப் பிரிச்ச கண்ணால உங்க மூஞ்சிய நல்லாப் பாத்துப்போட்டு அவங்களே குடுக்கட்டும்.”