செத்தவீட்டில் விற்ற கரண்டு

என் அன்புக்கும் பகிடிக்கும் உரிய அத்தானுக்கு,

நீங்கள் போன பிறகும் எசன் நகரத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மழை பெய்கிறது, ரயில் பிந்துகிறது, நான் அதே பாண் சுடும் தொழிற்சாலையில் நிற்கிறேன். உங்கள் மருமகள் துளசி இந்த ஜேர்மன்காரரின் டொச்சை என்னைவிட நன்றாகக் கதைக்கிறாள். அதைவிட நன்றாக என்னைத் திட்டுகிறாள். பெற்ற தகப்பன் என்று ஒரு சின்னச் சலுகைகூடக் கிடையாது.

ஆனால் உங்கள் வீட்டில் ஒரு சங்கதி நடந்தது. அதை உங்களுக்குச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

நேசனைத் தெரியும்தானே. கல்யாணவீடு, கோயில் திருவிழா எல்லாம் ஏறி இறங்கி, எங்கள் சனத்துக்குக் கரண்டுக் கம்பனியும் காஸ் கம்பனியும் மாற்றிக் கொடுத்துக் கமிஷன் எடுக்கிற பொடியன். பொடியன் என்றுதான் பெயர், தலையில் முடியே இல்லை. உங்கள் வாசலுக்கு அவன் வந்தபோது கட்டிய சாரத்தோடு கதவைத் திறந்து, "வீட்டுக்காரர் இல்லைத் தம்பி, நான் சும்மா வந்த ஆள்" என்று நீங்கள் அனுப்பி வைத்தீர்கள். உயிரோடு இருக்கும்வரை உங்களிடம் அவனால் ஒரு கையெழுத்து வாங்க முடியவில்லை. அதனால் காத்திருந்தான் போல.

உங்கள் செத்தவீட்டில் அவன் ஓடித் திரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து சொந்தக்காரரை ஏற்றி வந்தான், கதிரை அடுக்கினான், தேத்தண்ணிக் கோப்பை கழுவினான். நான் அழுதுகொண்டே, "என்ன தங்கமான பொடியன்" என்று நாலு பேருக்குச் சொன்னேன். சொன்ன வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று சனம் சாப்பிட்டுப் போன பிறகு, இரண்டாம் முறை பாயசம் குடித்துவிட்டு அவன் ரப்லெற் கணினியை எடுத்தான்.

"அக்கா, கரண்டும் காஸும் இன்னும் அண்ணையின்ர பேரிலதானே கிடக்கு. உங்கட பேருக்கு மாத்த வேணும். இல்லாட்டி நிப்பாட்டிப் போடுவாங்கள்."

என் அக்கா, உங்கள் மனுசி, பயந்துபோனார். நானோ, குடும்பத்தின் பெரிய ஆம்பிளை மாதிரி, "மீற்றரை நான் வாசிச்சுக்கொண்டு வாறன்" என்று எழும்பினேன். நிலவறைக்குள் இறங்கி, தவழ்ந்து, தும்மி, கடைசியில் தண்ணீர் மீற்றரை வாசித்துக்கொண்டு வந்தேன். நேசன் கோபிக்கவில்லை. "அண்ணை, அதுக்குப் பக்கத்தில இருக்கிறது" என்று பவ்வியமாகத் திருப்பி அனுப்பினான். திருட வந்தவனுக்கு ஏணி பிடித்துக் கொடுத்தேன் அத்தான், அதையும் முதலில் பிழையான சுவரில் சாத்தினேன்.

நான் மேலே வருவதற்குள் அக்கா திரையில் விரலால் கையெழுத்து வைத்துவிட்டார்.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. துளசிதான் வாசித்தாள்.

"மாமி, இது பேர் மாத்தினதில்லை. கம்பனியையே மாத்திப் போட்டார். ரெண்டு வருசத்துக்கு விட ஏலாது."

"மலிவெண்டு சொன்னவன் பிள்ளை" என்றார் அக்கா.

"புதுசாச் சேருற ஆளுக்குக் குடுக்கிற போனஸைக் கழிச்சுப்போட்டு மலிவெண்டு காட்டியிருக்கு. அந்தப் போனஸ் வருசம் முடிஞ்சாத்தான் வரும். விலை ஏறாதெண்டு பெருசா எழுதி, என்னென்ன ஏறுமெண்டு கீழ பொடி எழுத்தில போட்டிருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்கள் பக்கத்திலதானே இருந்தனீங்கள்?"

"நான் நிலவறையில இருந்தனான்" என்றேன். அதைவிட நல்ல பதில் இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்று பின்னேரம் துளசி எனக்கு இந்த வியாபாரத்தைப் படிப்பித்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கே என்னைக் கண்டால் ஒளித்துக்கொள்ளும். ஆனாலும் இவ்வளவு விளங்கியது: கம்பி அதேதான், குழாயும் அதேதான், அடுப்பில் எரிகிற நெருப்பும் அதேதான். பில் அனுப்புகிறவனின் பெயர் மட்டும் மாறும். அந்தப் பெயருக்குத்தான் நூறு கம்பனி, அவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேறு கம்பனி. அவர்களின் விளம்பரத்தில் ஒரு குடும்பம் ஹீட்டரைக் கட்டிப்பிடித்துப் பல்லைக் காட்டுகிறது. ஹீட்டரைப் பார்த்து எந்த மனிசர் சிரிப்பார்கள், அத்தான்?

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் சீவியம் உங்கள் பென்ஷனில் வருகிற பங்கில்தான். பில் ஏறினால் யாரிடமும் வாய் திறக்க மாட்டார், ஹீட்டரை நிறுத்திவிட்டு உங்கள் தடித்த குளிர்க்கோட்டுக்குள் இருப்பார். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கையெழுத்து வைத்த இரண்டு கிழமைக்குள் எழுதிப் போட்டால் எல்லாம் ரத்து. அது இந்த நாட்டுச் சட்டம். எங்கள் சட்டம் வேறு. அக்கா ஒரே பிடியாக நின்றார்.

"செத்தவீட்டுக்கு உழைச்ச பிள்ளையடா. அவன்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

"அக்கா, அவன் கோப்பை கழுவினதுக்கு ரெண்டு வருசம் கூலி குடுக்கப் போறியளோ?"

"நீ கழுவினனியோ?"

நான் கழுவவில்லை.

இதுதான் அந்தக் கம்பனிகளுக்குக் கிடைத்த வாய்ப்பு. வெள்ளைக்காரன் கதவைத் தட்டினால் நாங்கள் திறக்க மாட்டோம். செத்தவீட்டில் தோள் கொடுத்தவனுக்கு முகத்தை முறிக்க எங்களுக்கு ஏலாது. இது எவனுக்கோ தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் எங்கள் ஆளைப் பிடித்து, கையில் ஒரு ரப்லெற்றையும் கொடுத்து அனுப்புகிறான். தூ.

தவணை நாள் முடியப் போகிறது என்று துளசி நெருக்க, அக்கா ஒரு வழி சொன்னார்: அவனிடமே மரியாதையாகச் சொல்லிவிட்டு விடுவது. நாங்கள் எல்லோரும் கேட்கத் தொலைபேசியை மேசையில் வைத்தார்.

"தம்பி, குறை நினையாதை. எனக்கு அந்தப் புதுக் கம்பனி வேண்டாம்."

"என்னக்கா இப்பிடிச் சொல்லுறியள்? இது அண்ணையின்ர விருப்பம். கடைசியா ஆஸ்பத்திரியில பாக்கப் போகேக்க என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவர், நேசன், அக்கான்ர கரண்டு காஸை நீதான் பாக்க வேணுமெண்டு."

அக்கா தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தார்.

"கதைச்சவரோ, தம்பி?"

"ஓமக்கா."

"வடிவாக் கதைச்சவரோ?"

"ஓமக்கா, வடிவா."

ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து தொண்டைக் குழாயோடு கிடந்தீர்கள். அக்காவோடு கண்ணால் மட்டும்தான் கதைத்தீர்கள்.

"எனக்கு ஒரு சொல்லும் கதைக்கேல்லையே" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுத் துளசியைப் பார்த்தார். "எழுது பிள்ளை."

துளசி எழுதினாள். ரத்தாகிவிட்டது என்று பதிலும் வந்துவிட்டது. பழைய கம்பனியில் பெயர் மாற்ற ஒரேயொரு அழைப்புத்தான் தேவைப்பட்டது. அந்த அழைப்பு எடுக்கத் தெரியாத மச்சானைத்தான் நீங்கள் இத்தனை வருடம் பக்கத்தில் வைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தீர்கள்.

ஒன்று மட்டும் என்னைக் குடைகிறது. அவன் உண்மையாகவே வந்து பார்த்தானா? உங்கள் கையைப் பிடித்தானா? பிடித்திருந்தால், அந்த நேரத்திலும் கணக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தானா? உங்களிடம் கேட்கலாம், ஆனால் நீங்கள் கண்ணால்கூடப் பதில் சொல்ல மாட்டீர்கள்.

குளிர் தொடங்கிவிட்டது. பில் ஏறாவிட்டாலும் அக்கா ஹீட்டரை நிறுத்துகிறார், பழக்கம். வேலை முடிந்து வந்து நான் திறந்து விடுகிறேன். "காசு என்ன மரத்திலயோ காய்க்குது" என்று நிறுத்துகிறார். வீட்டுக்குப் போகச் சப்பாத்துப் போடும்போது மறுபடி திறந்துவிட்டு ஓடுகிறேன். இந்தச் சண்டையை நான் விடமாட்டேன், அத்தான். எனக்குக் கணக்குத் தெரியாது, கம்பனி தெரியாது, ஆனால் அந்த ஹீட்டர்க் குமிழைத் திருப்பத் தெரியும். உங்கள் வீடு சூடாக இருக்கும்.

அக்காவிடம் இன்றைக்கும் ஏச்சு வாங்கிய,
உங்கள் மச்சான்