இரண்டாவது டம்ளர்

10 மார்ச், திங்கள்

எடை எண்பத்து மூன்று. அஞ்சலாட்சி இறந்த நவம்பரில் எழுபத்தாறு இருந்தேன். பெண்டாட்டியை இழந்தவன் இளைத்துப் போவான் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குத் தொப்பை வருகிறது. தெருவில் என்ன நினைப்பார்கள்? மத்தியானம் சாப்பிட்டால் சாயங்காலம் வரை எழுந்திருக்க முடியவில்லை.

பூர்ணிமா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். "ஜூன்ல வருவேன்பா. அதுக்குள்ள ஒடம்பு சரியாகலன்னா வீட்ட வாடகைக்கு விட்டுட்டு எங்கூட கெளம்பிடணும். ஒங்கள தனியா விட்டுட்டு எனக்குத் தூக்கமே வரல."

மகள் பயந்து போயிருக்கிறாள், புரிகிறது. ஆனால் இந்த நெல்லித்தோப்பு வீட்டை விட்டு எப்படிப் போவேன்? சமையலறை சுவிட்சில் அஞ்சலாட்சியின் விரல் பட்டுப் பட்டு மஞ்சள் கறை படிந்திருக்கிறது. குடி வருகிறவர்கள் முதலில் அதைத்தான் துடைப்பார்கள்.

14 மார்ச், வெள்ளி

பூர்ணிமா வாட்ஸ்அப்பில் ஹார்மோன் டயட் அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு அதில் நாலு கிலோ குறைந்ததாம், அசதியும் போனதாம். பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். இருபத்தெட்டு வருடம் உயிரியல் நடத்தியவனுக்கு இன்சுலினும் கார்ட்டிசாலும் புதிதில்லை. ஆனாலும் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது பெரிய விஷயமில்லையாம். எந்த நேரத்தில், எந்த வரிசையில் என்பதுதானாம். முதலில் காய், பிறகு முட்டையோ மீனோ, கடைசியில் சோறு. இரவில் சோறே கூடாது.

மாதத்தின் முன்பாதியில் ஆளி விதை, பின்பாதியில் எள் என்று போட்டிருந்தது. எத்தனை ஸ்பூன் என்று போனில் கேட்டேன். "ஐயோ அப்பா, அது லேடீஸுக்கு! அத விட்டுடுங்க!" என்று சிரித்தாள். நவம்பருக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். இதற்காகவே டயட் இருக்கலாம்.

18 மார்ச், செவ்வாய்

வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் லெப்டின்; அதை வகுப்பில் இப்படிச் சொல்வேன். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி வருகிறது. போதுமென்றால் இலைக்கு மேல் கையை நீட்டி மறிக்கிறோம் அல்லவா? அந்தக் கைதான் லெப்டின். பரிமாறுகிறவர் கையைக் கவனிக்காமல் ஊற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? பிள்ளைகள் கொல்லென்று சிரிப்பார்கள், பாடமும் மறக்காது.

இந்த வீட்டில் அந்தக் கை அஞ்சலாட்சியுடையது. "போதும், எழுந்திருங்க" என்று குழம்புச் சட்டியை மூடிவிடுவாள்.

2 ஏப்ரல், புதன்

தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கொண்டுவரும் சின்னப்பாப்பா வாசலில் கூடையை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா வாத்தியாரே, கதவு தொறக்கறதுக்கே இப்புடி மூச்சு வாங்குது?"

"டயட்ல இருக்கேன்மா."

"அதான் இப்புடி ஊதிப்போய்க் கெடக்கியா? அக்கா இருந்தா உன்ன இப்புடி வுட்டிருக்குமா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேட்காமலே சங்கரா மீன் இரண்டு அதிகமாகப் போட்டாள். அதையும் சாப்பிட்டேன்.

3 ஏப்ரல், வியாழன்

எண்பத்து நாலரை. ஒரு வேளைகூடத் தவறவில்லையே — ஏன்?

11 ஏப்ரல், வெள்ளி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு சரி. கார்ட்டிசால் சரி. சர்க்கரை மட்டும் எல்லையில் நிற்கிறது. டாக்டர் சரிதா சின்னப் பெண், நிதானமாகப் பேசினார். "ஹார்மோன்ல குறை சொல்ல ஒண்ணுமில்ல சார். சாப்பாடு எவ்ளோ சாப்புடறீங்க?"

"வழக்கம்போலத்தாம்மா" என்றேன். பொய்யில்லை.

பூர்ணிமாவிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டு மாசம்தாம்பா" என்றாள். துணிமணியை ஒழுங்கு செய்யத் தொடங்கலாமா? பீரோவைத் திறந்தேன். அஞ்சலாட்சியின் புடவைகள். மூடிவிட்டேன்.

19 ஏப்ரல், சனி

நான் சமைப்பதைப் பார்க்க வேண்டுமென்று பூர்ணிமா வீடியோவில் வந்தாள். போனை மிக்ஸி மேல் சாய்த்து வைத்தேன். அரிசி டப்பாவைத் திறந்து, உள்ளே கிடக்கும் காபி டம்ளரால் அளந்து போட்டேன்.

"எத்தினி டம்ளர்பா?"

"ரெண்டு. எப்பவும் போல."

"ராத்திரிக்கும் சேத்தா?"

"ராத்திரி சோறு கூடாதுன்னுதான் நீ அனுப்பின பேப்பர்ல இருக்கே. மத்தியானமே முடிச்சிடுவேன்."

"அவ்ளோத்தையுமா? மீதிய எடுத்து வைக்கலாம்ல?"

"சோறு மீந்தா அம்மாவுக்குப் புடிக்காதும்மா."

திரையில் அவள் முகம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா... அந்த ரெண்டாவது டம்ளர் யாருக்கு?"

குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது. மூடத் தோன்றவில்லை.

ஆளுக்கு ஒரு டம்ளர். கல்யாணமானதிலிருந்து அஞ்சலாட்சியின் அளவு அது. பூர்ணிமா இருந்தவரை மூன்று, அவளைக் கட்டிக்கொடுத்த பிறகு இரண்டு. அடுப்பு என் கைக்கு வந்தபோது அஞ்சலாட்சி அளந்தபடியே அளந்தேன். அவள் பங்கைக் கொட்ட மனம் வரவில்லை. அது அவள் பங்கு என்று நினைத்தேனா? அதுவும் இல்லை. பானை காலியாகும் வரை சாப்பிட்டேன், அவ்வளவுதான். இதை எந்த ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில் கண்டுபிடிப்பது?

நீ எங்க சாப்புடற அஞ்சலா? இத்தினி மாசமா ஒஞ்சோத்த நான்தான் துன்னிருக்கேன். ஒரு தடவ வந்து கைய நீட்டி மறிச்சிருக்கக் கூடாதா —

20 ஏப்ரல், ஞாயிறு

ஒரு டம்ளர் போட்டேன். வெந்த சோறு பானையின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதையும் சாப்பிட முடியவில்லை.

11 மே, ஞாயிறு

எண்பத்தொன்று. டயட்டைக் குறை சொல்ல மாட்டேன். காயை முதலில் சாப்பிட்டால் சோறு குறைவாகத்தான் இறங்குகிறது. சீக்கிரம் படுத்தால் விடியற்காலையில் பொட்டானிக்கல் கார்டன் வரை நடக்க முடிகிறது. பூர்ணிமாவுக்கு எது சரியானதோ, எனக்குத் தெரியாது. எனக்குக் கணக்குதான் தப்பியிருந்தது.

மீன்பிடித் தடைக்காலம், சின்னப்பாப்பா வருவதில்லை. கிண்டல் செய்யக்கூட ஆளில்லை. எடை இறங்க இறங்க எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். ஏறியதெல்லாம் அஞ்சலாட்சியின் பங்கு. இப்போது அதுவும் என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. இதை யாரிடம் சொல்ல?

6 ஜூன், வெள்ளி

எழுபத்தெட்டு. அரிசி சீக்கிரத்தில் தீர மாட்டேனென்கிறது.

22 ஜூன், ஞாயிறு

மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. பூர்ணிமா மட்டும் நேற்று வந்தாள். சர்க்கரை இறங்கியிருந்த புதிய பரிசோதனைத் தாளைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இங்கயே இருங்கப்பா. நான் அடிக்கடி வரேன்." சுவிட்சின் கறையை நான் காட்டவில்லை, அவளே பார்த்திருந்தாள்.

காலையில் சின்னப்பாப்பா வந்தாள். "பொண்ணு வந்திருக்குதா? இன்னா வாத்தியாரே, இப்புடி வத்திப்போயிட்ட! இந்தா, வஞ்சிரம், கொழம்பு வையி."

பூர்ணிமா தானே சமைப்பதாகச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். அவள் அரிசி டப்பாவைத் திறந்து அளந்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது டம்ளரை நிரப்பி, பானைக்கு மேல் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

"அப்பா" என்றாள்.

"போடும்மா" என்றேன்.

போட்டாள். காய் முதலில் என்பதெல்லாம் இருவருக்கும் மறந்துவிட்டது. எதிரெதிரே உட்கார்ந்து, பானை காலியாகும் வரை சாப்பிட்டோம்.