தங்கையா பெயர் வெட்டிய கூஜா

ரிங்லெட்
மார்ச் 4, 2024

அன்புள்ள மார்கஸ் அண்ணனுக்கு,

நானும் அப்பாவும் சுகம். வாட்ஸ்அப்பில் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி, அதனால்தான் கடிதம்.

நான் வேலை பார்க்கும் எஸ்டேட் பங்களா ஹோட்டலாகப் போகிறது. அலமாரியில் கறுத்துக் கிடந்த வெள்ளிக் கூஜாவை நேற்று தேய்த்தேன். ஆங்கில எழுத்து தெரிந்தது: "1957. கடல் கடந்து சுற்றுலா வந்து காட்டில் வழி தவறிய எங்கள் மாணவர் நால்வரைத் தோளில் சுமந்து காப்பாற்றிய தங்கையாவுக்கும் பதினொரு தொழிலாளருக்கும், ஆல்டன்பிரிட்ஜ் நகர மக்கள்." நம் தாத்தா, அண்ணா! துரைக்கு வந்த பரிசு என்றல்லவா இத்தனை காலம் சொன்னார்கள்?

மேனேஜரிடம் கேட்டேன். "பங்களா சாமான்லா அது. நீ தொடைக்கிற வேலையப் பாரு" என்றார்.

அந்த ஊர் உன் பாஸ்டனுக்குப் பக்கம்தானாம். போய் விசாரி.

உன் தங்கை,
வனஸ்ஸா


பாஸ்டன்
ஏப்ரல் 2, 2024

அன்புத் தங்கை வனஸ்ஸாவுக்கு,

போனேன். நகர மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டி நிறைய வெள்ளி. தீயை அணைத்தவர், பாலம் கட்டியவர் என்று ஊர் மன்றம் கூடித் தீர்மானம் போட்டு, பெயர் வெட்டி வழங்குவது அவர்கள் வழக்கம். நம் கூஜா நூற்றெழுபது வருடத்துப் பொருள். முதல் தீயணைப்புத் தலைவருக்குக் கொடுத்ததை அவர் குடும்பம் ஊருக்கே திருப்பித் தந்ததாம். இருந்ததிலேயே பழைய வெள்ளியைத் தாத்தாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். "தங்கையாவின் கையில் தரப்பட வேண்டும்" என்று தீர்மானத்தில் இருக்கிறது.

தீர்மானத்தின் நகல் என்னிடம் உண்டு. அனுப்ப மாட்டேன். அப்பா இருப்பது கம்பெனி லயத்து வீடு. கூஜாவைக் கேட்கப் போய், இந்த வயதில் அவரை வெளியே தள்ளினால்? விட்டுவிடும்மா.

பாசமுள்ள,
மார்கஸ்


கம்போங் ராஜா
ஜூன் 9, 2024

அண்ணனுக்கு,

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். நீ அனுப்பவில்லை, நானே அந்த மண்டபத்துக்கு எழுதினேன். தீர்மானத்தின் நகலை முத்திரை வைத்து அனுப்பினார்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டி, "வீடு போயிடும்பா" என்றேன்.

"போவட்டும்லா. எங்கப்பா பேரு அங்க பூட்டிக் கெடக்கு, நான் இங்க எப்படி ஒக்காந்திருக்கிறது?" என்று எழுந்து சட்டையை மாட்டினார்.

தாத்தாவும் அந்தப் பதினொரு பேருமாகப் பன்னிரண்டு பேரின் குடும்பமும் பங்களாவுக்கு ஏறினோம். பக்கத்து லயத்துப் பவளம் அக்காதான் முன்னால் போனார்.

"யாரக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்றார் மேனேஜர்.

"யாரையும் கேக்கல. பன்னெண்டு பேரும் இந்தத் தாள்ல இருக்கு, படிங்க" என்றேன்.

படித்தார். தாளைத் திருப்பித் தந்தார். கூஜாவை எடுத்து அப்பா கையில் கொடுத்தேன்.

மறு வாரமே என் வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்யச் சொல்லியும் தாள் வந்தது. அவர்கள் குறித்த நாளுக்கு முன்பே கிளம்பிவிட்டோம். இங்கே பூத்தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கூஜா மாதம் ஒரு வீட்டில் இருக்கும். இப்போது பவளம் அக்கா வீட்டில்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பாதான், "பயந்துட்டான், திட்டாத. வந்தா அதுலயே தண்ணி குடுப்போம்னு எழுது" என்கிறார்.

எழுதிவிட்டேன்.

தங்கையாவின் பேத்தி,
வனஸ்ஸா