ஏழு நாள் பெண்ணும் ரோமாபுரியின் சின்ன தெய்வங்களும்

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலை உச்சி தெரியவில்லை. துணி காயவில்லை. கார்த்திகை தீபம் வருகிறது என்று வேங்கிக்கால் ரோட்டில் தார் வேலை. பஸ் முக்கால் மணி நேரம் லேட்.

மூன்று மாதம் கழித்து ஆய்வேட்டைத் திறந்தேன். மூன்றாம் இயல், ரோமானியரின் வீட்டுத் தெய்வங்கள். குழந்தை செய்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன தெய்வம் வைத்திருந்தார்கள்.

வாடிகானஸ் - முதல் அழுகை
லெவானா - தரையிலிருந்து தூக்க
ரூமினா - தாய்ப்பால்
கூனினா - தொட்டில்
ஃபாபுலினஸ் - முதல் பேச்சு

முதல் மூன்று பேர் எங்களிடமும் வந்தார்கள். தொட்டில் கட்டுவதற்குள் முடிந்துவிட்டது. ஏழு நாள்.

நவ. 12, புதன்

நெறியாளர் மேடம் போன். "இந்த இயல் வேணாமே செல்வி. கோயில் கட்டடம் பத்தி எழுதுங்க, ஈஸியா இருக்கும்." மாட்டேன் என்றேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ரோமில் பெண் குழந்தைக்கு எட்டாம் நாள் பெயர். அந்தக் கணக்குப்படியும் இவளுக்குப் பெயர் இல்லை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் துக்கம் காக்க வேண்டாம் என்று அவர்கள் சட்டம். ஆனால் கல்லறைக் கல்லில், இத்தனை நாள் இருந்தது என்று எண்ணிச் செதுக்கியிருக்கிறார்கள். சட்டத்தை யார் கேட்டது?

இங்கே மட்டும் என்ன. புதைத்தார்கள், காரியம் கிடையாது. நான் அப்போது ஆஸ்பத்திரியில், தையல்கூடப் பிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் துணியில் சுற்றி எடுத்துப் போனார். எங்கே என்று இன்றுவரை சொல்லவில்லை.

மாடி வீட்டு அக்கா: "அடுத்தது பொறந்தா எல்லாம் மறந்துடும்மா."

நவ. 14, வெள்ளி

சாம்பார் அடிபிடித்துவிட்டது. சாப்பிடும்போது அவரிடம் கேட்டுவிட்டேன்.

"பாப்பாவ எங்க வெச்சீங்க?"

கை தட்டிலேயே நின்றது. "இப்ப எதுக்கு அது?"

"எனக்குத் தெரியணும்."

"பெத்தவளுக்கு எடத்தக் காட்டக் கூடாதுனு பெரியவங்க சொல்லிட்டாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

எழுந்து போய்க் கை கழுவினார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நவ. 15, சனி

படித்தது நாலு பக்கம். எழுதியது பூஜ்யம்.

நவ. 16, ஞாயிறு

மழை விட்டது. காலையில் அவரே வண்டியை எடுத்தார். "வா." வழியில் ஒரு பால் பாக்கெட் வாங்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. ரோமானியரும் புதைகுழியில் பால் ஊற்றினார்கள், நாமும் ஊற்றுகிறோம். இவளுக்கு மட்டும் யாரும் ஊற்றவில்லை.

ஏரிக்கரை ஓரம், சுடுகாட்டுக்குப் பின்னால். இடுப்பளவு புல். ஒரு வேப்பங்கன்றின் பக்கத்தில் நின்றார். பத்தடி தள்ளிப் போனார். திரும்பி வந்தார்.

"இங்கதான் கல்லு வெச்சேன்... இல்ல, அங்க." குனிந்து புல்லைக் கையால் விலக்கிக்கொண்டே இருந்தார். "ரெண்டு வாட்டி தனியா வந்தேன் செல்வி. போன மாசமே எடம் தெரியல. தொலைச்சிட்டேன்னு உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

இந்த மூன்று மாதத்தில் அவர் அழுது இன்றுதான் பார்க்கிறேன். மறந்தே விட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கன்றுக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஊற்றினேன். பத்தடி தள்ளிக் கொஞ்சம். பாக்கெட்டில் இன்னும் பால் இருந்தது. அவர் கையில் கொடுத்தேன். புல்லுக்குள் நடந்துகொண்டே ஊற்றினார்.