“என்னையும் வீட்ல விடு” என்ற அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை தாராவியில் உங்கள் சந்துக்குள் நுழைந்ததும் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. மழைக்காலம். முனிசிபாலிட்டி ஆட்கள் சாக்கடை ஓரமாகத் தூவிவிட்டுப் போயிருந்தார்கள். வழக்கமான வேலைதான். நான்தான் அங்கேயே நின்றுவிட்டேன். கொரோனாவின் முதல் கோடையில் இதே நெடிக்குள் நீங்களும் நானும் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனோம்.

நான் செம்பூரிலிருந்து பஸ் ஏறி வரும், சமூகப்பணி படித்த ‘மேடம்’. நீங்கள் அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்து எங்கள் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தவர். காய்ச்சல்காரர்களைக் கண்டுபிடித்து ஆம்புலன்ஸில் ஏற்றித் தனிமை முகாமுக்கு அனுப்புவது நம் வேலை. ஃபாரம் நிரப்புவது நான். ஆளைச் சம்மதிக்க வைப்பது நீங்கள். இரண்டாம் வாரமே ‘மேடம்’ போய் ‘ஏட்டி’ வந்துவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

தோல் பை தைக்கும் சுலைமான் பாய் முகாமுக்கு வர மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். பத்துக்குப் பத்து அறை, உள்ளே ஏழு பேர். அவர் மனைவி மைமூன் அழுவது வெளியே கேட்டது. நீங்கள் வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

“பாய், நீங்க வெளிய வாரது வரைக்கும் நான் இங்கன இருந்து எந்திரிக்க மாட்டேன். பிள்ளையளுக்கு வந்துட்டுன்னா எங்க கொண்டு படுக்கப் போடுவிய? இருக்கது ஒத்த ரூமு.”

ஒரு மணி நேரம் கழித்து அவர் வந்தார். பதினைந்து நாளில் நல்லபடியாகத் திரும்பியும் வந்தார்.

அடுத்து என் அப்பாவுக்குக் காய்ச்சல். எங்கள் ஃபிளாட்டில் இரண்டு படுக்கையறை. ஒன்றை அவருக்கு ஒதுக்கினோம், பாத்ரூம் அதற்குள்ளேயே. டாக்டர் தினமும் வீடியோ காலில் பார்த்தார். முகாம் என்ற பேச்சே எழவில்லை. அப்பா தேறினார். நானும் வீட்டில் அடைந்து கிடந்துவிட்டுத் திரும்பி வந்து உங்களிடம் சொன்னபோது, “நல்லதுட்டி, அப்பாவப் பாத்துக்க” என்றீர்கள். மாஸ்க்குக்கு மேலே உங்கள் கண்ணில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு உங்களுக்கே இருமல் வந்தது. பிள்ளைகளை டிராம்பேயில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகப் படுத்திருந்தீர்கள். நான் வாசலில் நின்று, “ஆம்புலன்ஸ் கூப்பிடறேன் அக்கா” என்றேன்.

“வேண்டாம்ட்டி.”

“நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?”

“உங்கப்பாவ வீட்ல வச்சுத்தான பாத்த? என்னையும் வீட்ல விடு. பிள்ளையள அனுப்பியாச்சு. இப்ப எனக்கும் தனி ரூமுதான்.”

சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் ஆக்ஸிமீட்டர் என் பையிலேயே இருந்தது. எடுத்து உங்கள் விரலில் மாட்டிப் பார்த்திருக்கலாம். மாட்டவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலை வந்தபோது நீங்கள் ஒரு வாக்கியத்தை முடிக்கவே திணறினீர்கள். ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க மத்தியானம் ஆகிவிட்டது. நான்காம் நாள் நீங்கள் இல்லை.

அன்றைக்கு நீங்கள் கேட்டது கோபத்திலா, பயத்திலா, வெறும் அலுப்பிலா? அத்தனை பேரை அனுப்பிவைத்த உங்களுக்கு முகாமைப் பற்றி எனக்குத் தெரியாத ஏதாவது தெரிந்திருந்ததா? இல்லை, நானும் உங்களைப் போல வாசலில் உட்காருகிறேனா என்று பார்த்தீர்களா? நான் பேசாமல் போனது உங்கள் சொல்லுக்கு மரியாதை என்று சில நாள் தோன்றுகிறது. வெட்கம் என்று சில நாள். ஒருநாள் முன்னால் சேர்த்திருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று டாக்டரிடம் கேட்டேன். “சொல்ல முடியாது” என்றார். அப்பா பால்கனியில் காபி குடிப்பதைப் பார்க்கையில் சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்தே வருகின்றன. யார் மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை.

இன்று மைமூன் என்னை நிறுத்தி, “அக்கா மட்டும் அன்னைக்கு வரலேன்னா இவுக இருந்திருக்க மாட்டாக” என்றாள். அவளுக்குக் குழப்பமே இல்லை. அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

இப்போது நான் காசநோய் வந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைக்கிற வேலையில் இருக்கிறேன். உங்களுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது யார் கேட்டாலும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு பெண், புருஷனுக்கு மறைப்பாக நின்றுகொண்டு கேட்டாள்: “உங்க வீட்டு ஆளா இருந்தா அனுப்புவீங்களா?”

“மாட்டோம். எங்க வீட்ல இன்னொரு ரூம் இருக்கு. உங்களுக்கு இல்ல. அது நியாயம் இல்ல. ஆனாலும் அனுப்புங்கன்னுதான் கேக்கறேன்.”

அவள் புருஷனுக்கு முன்னாலிருந்து நகரவில்லை. கதவையும் சாத்தவில்லை. நான் பேசியது அந்த மனிதரைக் காப்பாற்றுமா, கெடுக்குமா, தெரியவில்லை அக்கா. நாளைக்கு மறுபடி போகிறேன்.